மத்தியான வாட்டம்

உங்கள் அம்மா எங்கள் பழத்தைத்தான் வாங்குவார். கூட்டுறவுக் கடையில் பத்துப் பேருடைய செர்ரி தக்காளி இருந்தாலும், என் வீட்டுக்காரர் இவாவோவின் பெயர் ஒட்டிய பெட்டியைத் தேடி எடுப்பார். "இதுல என்ன போடறீங்க, சர்க்கரையா?" என்று ஒருமுறை கேட்டார். எதுவும் போடுவதில்லை, போடாமல் இருப்பதுதான் வேலை என்றேன். சிரித்தார். தெரிந்த வீட்டுப் பிள்ளையிடம் சொல்வது எளிது என்று நினைத்துத்தான் இந்தக் காவல் சாவடிக்கு வந்தேன். இப்போது உங்கள் முகத்தைப் பார்த்தால் வேறு ஊருக்குப் போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. வெட்கமாக இருக்கிறது.

யட்சுஷிரோவில், கடலைத் தூர்த்த இந்த மண்ணில், யார் நட்டாலும் தக்காளி காய்க்கும். குலை குலையாகக் காய்த்துத் தள்ளும். வாயில் போட்டால் வெறும் தண்ணீர். இனிப்பு ஏற வேண்டுமானால் செடிக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஒரேயடியாக நிறுத்தினால் பூ கொட்டிவிடும். எவ்வளவு குறைக்கலாம் என்பது இவாவோவுக்குக் கைவந்த கலை. "செடி கெஞ்சணும். கெஞ்சினாத்தான் இனிக்கும். மத்தியானம் தலை தொங்கட்டும், மறுநா காலைல நிமிந்திருந்தாப் போதும்" என்பார். ஒரு சொட்டுச் சாற்றை இனிப்புமானியில் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். என்னிடம் அதைக் கொடுத்ததே இல்லை.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ஓய். அவ்வளவுதான். ஓய், டீ. ஓய், கத்தரிக்கோல். குறையாகச் சொல்லவில்லை, அவர் வயது ஆண்கள் இங்கே அப்படித்தான். பக்கத்துப் பசுமைக்குடில் ஹமசாகி அம்மாவுக்கும் வீட்டில் அதே பெயர்தான். நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

போன இலையுதிர் காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. தண்ணீரைத் தண்ணீராகக் குடித்தால் புரையேறும் என்பதால் பார்லி டீயில் மாவு கலந்து கெட்டியாக்கி, கரண்டியால் ஊட்ட வேண்டும். பேச்சுக் குழறியது, ஆனால் 'ஓய்' மட்டும் தெளிவாக வந்தது. ஃபுகுவோகாவில் இருக்கும் மகள் சிஹோகோ, குழந்தை அழுதால் கேட்க வைக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்தாள். ஒரு பாதி அவர் தலைமாட்டில் இருந்தது. மறு பாதியைப் பசுமைக்குடில் கம்பத்தில் மாட்டினோம். "அம்மா, இனிமே நீ நிம்மதியாப் பழம் பறி, அப்பா கூப்பிட்டாக் கேக்கும்" என்றாள். கேட்டது. நாள் முழுக்கச் செடிகளுக்கு நடுவே ஓய், ஓய் என்று கேட்டது.

மார்ச் மாதத்தில் ஒருநாள் சொட்டுநீர்க் குழாய் வெடித்தது. அதைச் சரிசெய்துவிட்டுப் போக நேரமாகிவிட்டது. அவர் உதடு காய்ந்து கிடந்தது. என்னைப் பார்த்து, "கினுயோ, கொஞ்சம் டீ குடும்மா" என்றார். குடித்து முடித்து, "ரொம்ப நன்றி" என்றார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

மறுநாள் நேரத்துக்குப் போனேன். ஓய் என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்சம் தாமதமாகப் போக ஆரம்பித்தேன். விவரம் தெரியாமல் செய்யவில்லை. காலையில் வயிறார ஊட்டுவேன். மத்தியானத்தில்தான் குறைப்பேன். விடிந்ததும் முதலில் அவர் கண்ணைப் பார்ப்பேன். தெளிவாக இருந்தால் அளவு சரி என்று அர்த்தம். சில வாரத்தில் ஓய் போயே போய்விட்டது. "என்ன மந்திரம் போட்டே கினுயோ? எங்க வீட்டு ஆளுக்கும் ரெண்டு சொட்டுக் குடு" என்றார் ஹமசாகி அம்மா. நானும் சேர்ந்து சிரித்தேன்.

உடம்பு துடைத்துவிட வரும் பராமரிப்புப் பெண் யுரிக்கு மட்டும் சந்தேகம் வந்தது. "அம்மா, மூத்திரம் ரொம்ப மஞ்சளாப் போகுது. தண்ணி பத்தல போலிருக்கு" என்றாள். அவள் கண் முன்னாலேயே ஊட்டினேன். இவாவோ என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இவ என்னை நல்லாப் பாத்துக்கறா" என்றார். அதுவும் இனிப்பாகத்தான் இருந்தது. பயத்தில் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. இல்லை, அப்போதே தெரியும். இதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கூசுகிறது.

மே மாதக் கடைசியில் வெயில் திடீரென்று ஏறியது. பூ கொட்டிவிடக் கூடாதே என்று அன்று செடிகளுக்குக் கூடுதலாகத் தண்ணீர் திறந்தேன். கம்பத்துக் கருவியில் அவர் குரல் வந்தது. கினுயோ, கினுயோ என்று. அவ்வளவு மென்மையாக யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. தூங்கிவிட்டார் என்று எண்ணிக்கொண்டு பழத்தைப் பெட்டியில் அடுக்கினேன். சாயங்காலம் ஊட்டியபோது உள்ளே இறங்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. காலையில் நிமிர்ந்துவிடுவார் என்று இருந்தேன். நிமிரவில்லை.

வெயில் தாங்காமல் போய்விட்டார் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். ஊரே என் கையைப் பிடித்து, உன்னைப் போலப் பார்த்துக்கொண்டவர் யார் என்றது. இறந்தவர் உதட்டில் தண்ணீர் வைக்கும்போது மனைவிதான் முதல். சிஹோகோ நனைத்த பஞ்சை என் கையில் கொடுத்து, "வைம்மா, கடைசி வரைக்கும் அவருக்கு ஊட்டின கை" என்றாள். உதடு வெடித்திருந்தது. பஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. பிரிய மனசில்லாமல் கையை எடுக்கவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். அன்றிலிருந்து சாமி மாடத்தில் அவர் படத்துக்கு முன்னால் தினமும் நான்தான் தண்ணீர் வைக்கிறேன். என்னால் இனி முடியாது.

தண்ணீர் கொடுக்காமல் அவரைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் கல்நெஞ்சக்காரி இல்லை, அதையும் சேர்த்து எழுத வேண்டும். அன்றைக்கு அவர் ஒரே ஒரு தடவை 'ஓய்' என்று கூப்பிட்டிருந்தால், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன்.