வேர்க்குழியில் இருவர்

நெருப்புப் பக்கமாக இன்னும் நெருங்கி உட்காருங்கள். இது நம் ஹில்யாவின் மாமா ரெய்னோவுக்கு நடந்தது.

நவம்பர் மாதம், சாயங்காலம் ஐந்து மணி... சுப்பீரியர் ஏரிக்கரையில் அந்நேரமே இருட்டிவிடுமே. மரலாரி மட்டும் போகிற மண்பாதை. அந்தக் கோடையில் அடித்த புயலில், சரிவு முழுக்க மேப்பிள் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பெயர்ந்த வேர்கள் மண்ணோடு சுவர்போல நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழி. வருஷக்கணக்காக நிழலில் முழங்கால் உயரத்திலேயே நின்றுபோன மரக்கன்றுகள், வெளிச்சம் பட்டதும் வளரக் கிளம்பிவிட்டிருந்தன.

ரெய்னோவும் கூட வேலை பார்க்கிற ஆர்வில்லும் விழுந்த மரங்களை அறுத்து அறுத்து ஓய்ந்துபோயிருந்தார்கள். வீட்டுக்குப் போனால் கரண்டி பிடிக்கக் கை வராது. அவ்வளவு அலுப்பு. ஒரு நிமிஷம் கண்ணை மூடலாமென்று ரெய்னோ ஒரு வேர்க்குழிக்குள் இறங்கினான். காற்றில்லை. ஈரமண் வாசனை...

பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப அலுப்பாப்பா?" பின்லாந்து மொழி. பின்லாந்திலிருந்து வந்த அப்பா செத்த பிறகு அவன் கேட்டேயிராத மொழி.

"முடியலங்க." யாரென்று கேட்கவும் தெம்பில்லை.

"எனக்கும்தான். எந்திரிக்காத... இப்ப மூடிருவாங்க."

வேர்ச்சுவருக்கு அந்தப்புறம் ரம்பம் உறுமியது. அடிமரத்தை அறுத்துவிட்டால், பாரம் போன வேர் திரும்பத் தன் குழியிலேயே வந்து விழும். ரெய்னோவுக்கும் தெரியும். ஆனாலும் கால் எழவில்லை... இப்படியே இருந்துவிடலாம் என்று இருந்ததாம்.

மரத்தூள் மூக்கில் ஏறியது. தும்மினான். அந்தத் தும்மலில்தான் உணர்வு வந்தது. புரண்டு, ஊர்ந்து, வெளியே விழுந்தான்.

தொம்!

குழியே இல்லை. அறுபட்ட அடிக்கட்டை மட்டும் நேராக நின்றது.

ஆர்வில் ஓடிவந்தான். "யோவ்! நான் கூப்பிட்டுக் கேட்டப்ப, 'தள்ளிப் போயிட்டேன், அறு'ன்னு நீதானய்யா கத்துன?"

"நான் வாயே திறக்கலய்யா... உள்ள ஒருத்தர் இருக்காரு!"

மறுநாள் இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள். வேர், மண், கல். வேறொன்றுமில்லை. அடிக்கட்டையைத் திரும்ப அங்கேயே நிறுத்திவிட்டார்கள்.

சில கோடைகள் போயின. சரிவு முழுக்கக் கன்றுகள் ஆள் உயரத்துக்கு எழும்பி, நுழைய இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றன. ஆர்வில் வற்புறுத்தித்தான் ரெய்னோ அங்கே போனான். அந்த அடிக்கட்டையின் காலடியில் மட்டும் ஒரு கன்றுகூட இல்லை. இரண்டு பேர் உட்காருகிற அளவு இடம். சருகு அமுங்கியிருந்தது.

"மான் படுத்திருக்கும்யா, வா."

ஓரத்துக் கன்றுகளை ரெய்னோ பார்த்தான். ஒரு இலைகூட மான் கடித்திருக்கவில்லை. குனிந்து சருகில் கையை வைத்தான். ஒரு பக்கம் ஜில்லென்றிருந்தது.

மறுபக்கம்... வெதுவெதுப்பாக.