ஆறுதல் பரிசு

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்கத் தடை என்பது எனக்குத் தெரியும், ஐயா. நான் விற்கவில்லை. செங்கம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சகாதேவன் நான். யாராவது சீட்டைக் கொண்டுவந்தால் செல்போனில் நம்பர் பார்த்துச் சொல்வேன், அவ்வளவுதான்.

பரசுராமன் வேன் ஓட்டுபவன். ஆசிரமத்துக்கு வரும் மலையாளிகளைப் பாலக்காடு வரை கொண்டுபோய் விடுவான். திரும்பும்போது ஒரு கேரளா சீட்டு வாங்கி வருவான். ஏழு வருடமாக "இல்ல பரசு" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

அன்று மாலை நாலு மணிக்கு நம்பரை ஒத்துப் பார்த்தேன்.

"பரசு, அடிச்சிருச்சுடா. ஒரு கோடி."

"கலாட்டா பண்ணாதண்ணா" என்றான். ஆனாலும் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஸ்டூலில் உட்கார்ந்தவனுக்கு முகமெல்லாம் வேர்த்தது.

"அண்ணா, நெஞ்சு அடைக்குது. ஜோப்புல மாத்திரை இருக்கு, எடுத்து நாக்குக்கு அடியில வையி."

அவன் இதய நோயாளி என்பது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவனே நான்தான். பையில் விரலை விட்டேன். மாத்திரை அட்டையும் சீட்டும் ஒட்டிக்கொண்டு இருந்தன. சீட்டு முதலில் வந்தது. அதோடு கையை எடுத்துவிட்டேன்.

தண்ணீர் வாங்கிவர எதிர் டீக்கடைக்குப் போனேன். என் கடையிலேயே கேன் நிறையத் தண்ணீர் இருந்தது, அதை மறைக்கவில்லை. எனக்கு முன்னால் நாலு பேர். வரிசையை மீறி எனக்குப் பழக்கமில்லை. என் முறை வந்ததும் ஒரு டீயும் குடித்தேன். திரும்பி வந்து, ஐயோ என்று கத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவனும் நானே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாலக்காடு போனேன். பஸ்ஸில் கோடீஸ்வரனுக்கு ஏற்ற மாதிரி கையெழுத்துப் போட்டுப் பழகினேன். லாட்டரிக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஃபர்ஸ்ட் பிரைஸ் பி சீரிஸுக்கு. இது டி."

எண்கள் எல்லாம் சரியாம், முன்னால் உள்ள எழுத்துதான் வேறாம். அதற்கு ஆறுதல் பரிசு, ஐயாயிரம் ரூபாய். இருபது வருடமாக ஊரார் எழுத்தை நகல் எடுத்துப் பிழைப்பவனுக்கு பி எது, டி எது என்று தெரியவில்லை. அங்கேயே நின்று நானும் சிரித்தேன்.

பணத்தை அப்படியே அவன் மனைவி உண்ணாமலையிடம் கொடுத்தேன்.

"கூடப் பொறந்தவங்ககூட எட்டிப் பாக்கல. கடைசி நேரத்துல அவரு பக்கத்துல நீங்க இருந்தீங்களே, அது போதும்ணா" என்று அழுதாள். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள முடியாமல்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவன் சாக நான்தான் காரணம். எழுதிக்கொள்ளுங்கள். அவன் பணத்தில் ஒரு பைசாகூட நான் தொடவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. பாலக்காடு போய்வந்த பஸ் செலவுகூட என் கைக்காசுதான்.