நான்காவது பெட்டியிலிருந்து இறங்குகிறவர்

மாலை மங்கி முழு இருட்டு. மணி ஏழு ஐம்பத்திரண்டு. ஒற்றைத் தண்டவாளம். இரண்டு பக்கமும் முள்காடு... வீடு கிடையாது, ஆள் கிடையாது, ஒரு வெளிச்சப் புள்ளி கிடையாது. அந்த இருட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த ரயில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் நின்றது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கடைசி வண்டி ரத்து என்று சொல்லிவிட்டார்கள். விடிகிறவரைக்கும் நமக்கு இந்தக் காத்திருப்பு அறைதான். தூக்கமும் வரப்போவதில்லை. கேளுங்கள்.

இது எனக்கு நடந்ததில்லை. என் சிநேகிதனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. ரயிலில் கார்டு உத்தியோகம்; கடைசிப் பெட்டியில் இருந்து விளக்குக் காட்டி வண்டியைக் கிளப்புகிறவர். சிநேகிதன் அவரை அத்தான் என்பான். கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அவர் அத்தான்தான். கதை கட்டுகிற ஆள் இல்லை. சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால்கூட முகத்திலேயே தெரிந்துவிடும்... அப்படிப்பட்டவர்.

அவர் போய்வந்தது ஒரு சாயங்கால பாசஞ்சர். ஒன்பது பெட்டி இருந்ததை ஆறாக்கினார்கள். கூட்டம் மட்டும் குறையவில்லை. பிறகு ஒருநாள் அதற்கு 'விரைவு வண்டி' என்று புதுப் பெயர் வைத்தார்கள். வேகம் கூடவில்லை. பதினோரு நிறுத்தங்களை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதில் ஒன்று, நான் சொன்ன அந்த முள்காட்டு நிறுத்தம். தரையோடு தரையாக ஒரு நடைமேடை, ஒரு பல்பு, ஒரு பெயர்ப்பலகை. பல்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பலகைக்கு வெள்ளையடித்தார்கள்.

நிறுத்தம் இருந்த நாளில் அங்கே தினமும் இறங்கியது இரண்டே பேர். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற ஒரு அம்மா. நான்காவது பெட்டியிலிருந்து இறங்கி, கார்டு பெட்டி தன்னைத் தாண்டும்போது ஒரு கையைத் தூக்குவார். அத்தானும் தூக்குவார். அவருக்குப் பின்னால் ஒரு ஆள். நல்ல உயரம். கையில் ஒரு துணிப்பை. பத்தடி தள்ளி மெதுவாக நடப்பார், கை தூக்க மாட்டார். புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது என்று அத்தான் நினைத்துக்கொள்வார். எட்டு வருஷம் அப்படித்தான் நினைத்தார்.

நிறுத்தத்தை எடுப்பதற்கு முந்தின நாள், அந்த அம்மா இறங்கியதும் கார்டு பெட்டிக்கு ஓடிவந்தார்.

"சார், நாளையிலேர்ந்து நான் எங்க இறங்குறது?"

"அடுத்த ஸ்டேஷன்தான்க்கா. வேற வழியில்ல."

"அங்கேர்ந்து ஏழு கிலோமீட்டர் சார். இந்த இருட்டுல நடந்தா வரச் சொல்றீங்க?"

அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். விளக்கைக் காட்டினார். வண்டி நகர்ந்தது. அந்த உயரமான ஆள் சற்றுத் தள்ளி நின்று, பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தலையைச் சாய்த்து.

மறுநாள். ஏழு ஐம்பத்திரண்டு. ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்... என்று காற்று பீறிட்டது. யாரோ அபாயச் சங்கிலியை இழுத்திருக்கிறார்கள். பிரேக் கட்டைகள் கிறீச்சிட்டன. ஒரு குலுக்கல்... வண்டி நின்றது. அத்தான் டார்ச்சோடு இறங்கி நடந்தார். நான்காவது பெட்டி. பெட்டியின் முனையில் உள்ள திருகை முறுக்கினால்தான் காற்று அடங்கும், வண்டி கிளம்பும். முறுக்கினார். அந்த இடத்தில் மட்டும் ஒரு வாசனை... நனைந்து நாள்பட்ட சாக்கு வாசனை. மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது.

"யாருங்க இழுத்தது?"

மூச்சுவிட இடமில்லாத கூட்டம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"யாரும் இழுக்கல சார். தானா தொங்குது பாருங்க" என்றாள் ஜன்னலோரம் நின்ற ஒரு மாணவி.

நான்கு நிமிஷம் போயிற்று. நான்கு நிமிஷம்தானே என்பீர்கள். ஒற்றைப் பாதை ஐயா. எதிரே சரக்கு வண்டி வரும். இவர்கள் தாமதமானால், அடுத்த ஸ்டேஷனில் இவர்களை ஓரங்கட்டிவிட்டு சரக்கை முதலில் விடுவார்கள். நான்கு நிமிஷம் நாற்பது நிமிஷமாகிவிடும். கடைசி பஸ்ஸைக் கோட்டைவிட்டவர்கள் அத்தான் சட்டையைப் பிடிக்காத குறை.

அடுத்த நாளும் அதே ஏழு ஐம்பத்திரண்டு. அதற்கடுத்த நாளும். எப்போதும் நான்காவது பெட்டி. மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பயணிகளோடு சேர்ந்துகொண்டு கார்டே நாடகமாடுகிறாரோ என்ற தொனியில். சஸ்பெண்ட் என்ற வார்த்தை அதில் இரண்டு இடத்தில் இருந்தது.

ஒன்பதாம் நாள் ஒரு ரயில்வே போலீஸ்காரரைச் சங்கிலிக்கு நேர் கீழே உட்காரவைத்தார்கள். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தாராம். ஏழு ஐம்பத்திரண்டுக்கு அந்தச் சிவப்புக் கைப்பிடி... மெள்ள... மெள்ளக் கீழே இறங்கியது. அவசரமே இல்லாமல். உயரமான ஒரு ஆள் கையை நீட்டி இழுத்தால் எப்படி இறங்குமோ, அப்படி. மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டார்.

அத்தானுக்கு மனசில் ஒரு கணக்கு. அந்த அம்மாதான் கோபத்தில் ஆள் வைத்து ஏதோ செய்கிறார் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு விசாரித்து விசாரித்துப் போனார். முள்காட்டுக்கு அந்தப்பக்கம் தனியாக ஒரு ஓட்டு வீடு. அந்த அம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஆளே இளைத்திருந்தார்.

"நானா? நான் ரயில் ஏறியே பத்தொம்பது நாளாச்சு சார். ராத்திரி ஏழு கிலோமீட்டர் யாரு நடப்பா? வேலைய விட்டுட்டேன்."

"அப்ப உங்க வீட்டுக்காரரு?"

"எந்த வீட்டுக்காரரு?"

"உங்க கூடவே இறங்குவாரே. உயரமா, கையில துணிப்பை. உங்களுக்குப் பத்தடி பின்னால நடப்பாரே."

அந்த அம்மா கையிலிருந்த துணியைக் கொடியில் போடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் வீட்டுக்காரர் போயி பதினாலு வருஷமாச்சு. அவரு என் தோளுயரம்தான் இருப்பாரு சார். நான் அங்க தனியாத்தான் இறங்குவேன். எப்பவும் தனியாத்தான்."

பிறகு அந்த அம்மாவே கேட்டார், குரலைத் தாழ்த்தி.

"எவ்வளவு நாளா பாக்குறீங்க?"

"எட்டு வருஷமா... நான் இந்த வண்டிக்கு வந்ததிலேர்ந்து."

"நடக்கும்போது பின்னால ஜல்லி நெறிபடுற சத்தம் கேக்கும் சார். நான் நின்னா அதுவும் நிக்கும். என் காலடிதான் எதிரொலிக்குதுன்னு நெனச்சுக்குவேன்." கண் கலங்கிவிட்டது அவருக்கு. "வீட்டு வாசல் வரைக்கும் கேக்கும்."

அத்தான் திரும்பி வந்து ஒரு காரியம் செய்தார். மேலிடத்துக்கு எழுதினார். பேயைப் பற்றி இல்லை, கணக்கு மட்டும். அங்கே ஒரு நிமிஷம் நிறுத்தினால் ஒரு நிமிஷம் போகும். நிறுத்தாவிட்டால் நாற்பது நிமிஷம் போகிறது. எந்தப் புண்ணியவான் படித்தாரோ, சோதனை முறையில் ஆறு மாதத்துக்கு நிறுத்தம் திரும்பி வந்தது. பல்பு வரவில்லை. பெயர்ப்பலகையும் வெள்ளையாகவே நின்றது.

அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் மறுபடி கூப்பிட்டுவிட்டார்களாம்.

"பயமா இருந்தா வேண்டாம்க்கா" என்றார் அத்தான்.

"பயந்தா வீட்ல அடுப்பு எரியுமா சார்? நாளைக்கு வரேன். ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. நான் இறங்கினதும் எனக்குப் பின்னால யாராவது இறங்குறாங்களான்னு பாருங்க. யாரும் இல்லேன்னா விளக்க ரெண்டு தரம் ஆட்டுங்க, நான் நடக்குறேன். இருந்தா சும்மா இருங்க... நான் திரும்ப ஏறிடுறேன்."

மறுநாள் அத்தானுக்குக் கடிகாரத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஏழு முப்பது. ஏழு நாற்பது. ஏழு ஐம்பத்திரண்டு... வண்டி நிதானமாக வந்து அந்த இருட்டில் நின்றது. யாரும் சங்கிலியை இழுக்கவில்லை. நிறுத்தத்தை எடுத்த பிறகு முதல் தடவையாக, அது தானாக நின்றது.

அத்தான் கார்டு பெட்டியிலிருந்து இறங்கினார். டார்ச்சை அடித்தபடி நான்காவது பெட்டியை நோக்கி நடந்தார். அந்த அம்மா இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார்.

அத்தான் கதவையே பார்த்தார். பத்து நொடி. இருபது நொடி. கதவில் நெருக்கிக்கொண்டு நின்ற பயணிகள் வெறித்துப் பார்த்தார்கள். யாரும் இறங்கவில்லை. முப்பது நொடி. நாற்பது. யாரும் இல்லை. சாக்கு வாசனைகூட இல்லை.

டார்ச்சை இரண்டு தரம் ஆட்டினார்; வெளிச்சம் அந்த அம்மாவின் காலுக்கு முன்னால் தரையில் ஆடியது. அந்த அம்மா நடந்தார்... பிறகு கிட்டத்தட்ட ஓடினார். ஜல்லி நெறிபடும் சத்தம். ஒரே ஒரு ஜோடிக் காலடி. அத்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரே ஒரு ஜோடிதான். அப்பாடா என்று மூச்சு விட்டார். வாக்கி டாக்கியை எடுத்தார்.

"டிரைவர் சார், போலாம்."

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு டிரைவர் குரல்.

"ஒரு நிமிஷம் இருங்க சார். உங்க பெட்டியில ஒருத்தர் ஏறிட்டிருக்காரு."

நடைமேடை ஒரு வளைவில் இருக்கிறது. இன்ஜினிலிருந்து தலையை நீட்டினால் கடைசிப் பெட்டி தெரியும். அதன் வாசலில் உள்விளக்கின் மஞ்சள் வெளிச்சமும் தெரியும். அத்தான் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

"யாரு?"

"தெரியல சார். உயரமா இருக்காரு. உங்க ஆளுன்னு நெனச்சேன்." கொஞ்சம் இடைவெளி. "ஆங்... ஏறிட்டாரு. போலாமா?"

என்ன செய்வார் மனுஷர்? எதிரே சரக்கு வண்டி காத்திருக்கிறது. அறுநூறு பேர் வீட்டுக்குப் போகவேண்டும். அந்த முள்காட்டில் தனியாக நிற்கவும் முடியாது. நடந்து திரும்பினார். கைப்பிடியைப் பிடித்து ஏறினார். உள்ளே பார்க்கவில்லை. வாசலிலேயே, வெளியே பார்த்தபடி நின்றுகொண்டார். பச்சை விளக்கைக் காட்டினார்.

அடுத்த ஸ்டேஷன் வர பதினேழு நிமிஷம். பின்னால், அவருடைய சாமான்கள் வைக்கிற இரும்புப் பெட்டி... கிறீச்... என்று அமுங்கியது. ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற மாதிரி. சாக்கு வாசனை காற்றையும் மீறி வந்தது. அத்தான் திரும்பவில்லை. பதினேழு நிமிஷமும் திரும்பவில்லை. ஸ்டேஷன் வெளிச்சம் பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் பார்த்தார். யாரும் இல்லை. இரும்புப் பெட்டியின் மூடியில் மட்டும், உட்கார்ந்து எழுந்த தடம். ஈரமாக.

அந்த அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். தினமும் வேலைக்குப் போகிறார். ஒரு தரம் போன் செய்து, "சத்தமே இல்ல சார், நிம்மதியா நடக்குறேன். நீங்க நல்லா இருக்கணும்" என்றாராம். அத்தான் சந்தோஷம்க்கா என்று மட்டும் சொன்னார். மற்றதைச் சொல்லவில்லை. கேட்டு வாங்கி ஆபீஸ் வேலைக்கு மாறிவிட்டார். பகல் வேலை, மேசை, நாற்காலி.

போன மாதம் நானும் சிநேகிதனும் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். சாயங்காலம் வேலை முடிந்து அத்தான் வந்தார். உள்ளே வந்தவர் கதவைச் சாத்தவில்லை. தாழ்ப்பாளில் கைவைத்தபடி அப்படியே நின்றார். அரை நிமிஷம்... ஒரு நிமிஷம். அக்கா சமையலறையிலிருந்து சத்தம் போட்டார்.

"கொசு வருதுங்க. கதவச் சாத்துனா என்ன?"

அத்தான் எங்களைப் பார்க்கவில்லை. வாசலையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இரு... அவரு கொஞ்சம் மெதுவாத்தான் நடப்பாரு."