அவர் ஓடவில்லை, தண்ணீர் இறைத்தார்

தண்ணீர் முழங்காலைத் தாண்டுகிறது. பங்கருக்குள், பதுங்கு குழிக்குள், நிற்கிறோம். நான், மகள் மேரி, பக்கத்துக் கூடாரத்துச் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர், இவர், என் மனிசன். மேலே மழை. விடியற்காலையிலிருந்து விடாத மழை. அதற்குள் செல் குண்டுகள். முதலில் தூரத்தில் 'டுப்' என்று கேட்கும். பிறகு கூவல். பிறகு நிலம் குலுங்கும். 'டுப்' கேட்டவுடன் செபம் தொடங்கினால், பாதியிலேயே குண்டு விழுந்துவிடும்.

"குனியுங்கோ! தலையை வெளியிலை விடாதேங்கோ!"

கத்தியது இவர். குனிய முடியாது. குனிந்தால் அந்தப் பிள்ளைகளில் சின்னவளின் வாய் தண்ணீருக்குள் போகும். மண்மூட்டைகள் சரிகின்றன. என் கலியாணச் சேலையை வெட்டித் தைத்த மூட்டைகள். அருமையான சேலை, மாமியே பொறாமைப்பட்டவர். அது கிடக்கட்டும்.

இவர் சட்டியை என்னிடம் தந்துவிட்டு மேலே ஏறினார். வாசலில், எங்களைப் பார்த்தபடி குந்தினார். நான் அள்ளிக் கொடுத்தேன். அவர் வெளியே ஊற்றிவிட்டுச் சட்டியைத் திருப்பித் தந்தார். திரும்பத் திரும்ப. தண்ணீர் குறைந்தது. சின்னவளின் இடுப்புத் தெரிந்தது. 'டுப்.' சட்டி திரும்பி வரவில்லை. நான் கையை நீட்டியபடி நின்றேன்.

இது வன்னியில், கடைசிச் சண்டையில். இப்போது பிராங்பேர்ட்டில் மேரியோடு இருக்கிறேன். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

போன மாதம் இணையப் பத்திரிகைத் தம்பி ஒருவர் வந்து எல்லாம் கேட்டார். எனக்கு நல்ல சந்தோசம். யார் இப்போது இருந்து கேட்கிறார்கள்? ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தேன். உறைப்புக் காணாது, இன்னும் போடுங்கோ என்றார், கெட்டிக்காரன். கட்டுரை வந்த அன்று இவருடைய தங்கச்சி போனில் அழுகிறாள்.

"மச்சாள், அண்ணை பிள்ளையளை விட்டிட்டு ஏன் வெளியிலை ஓடினவர்?"

மேரியை வாசிக்கச் சொன்னேன். 'குண்டுமழைக்கு அஞ்சிச் சிதறி ஓடியவர்களில் அவரும் ஒருவர்.' பெய்த மழையைக் காணவில்லை. பங்கருக்குள் நின்ற தண்ணீரைக் காணவில்லை. கீழே வேறொரு செய்தியில் ஒரு மந்திரியின் படம். இந்த மந்திரிக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். 'கேள்விக் குண்டுமழையில் சிக்கினார்' என்று வாசித்தாள். படத்தில் அவர் போட்டிருந்த கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. முன்னால் கிளாசில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள்.

தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"குண்டுமழை எண்டால் சனத்துக்கு உடனை விளங்கும், அம்மா. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறது."

"என்ன விளங்கும்? அண்டைக்குப் பெய்தது மழை, தம்பி. நீங்கள் குடை பிடிக்கிற மழை. அந்தத் தண்ணியை இறைக்கத்தான் மனிசன் மேலை ஏறினது."

"ஓம், ஆனால் வாசிக்கிற ஆக்களுக்கு..."

"மந்திரிக்கும் குண்டுமழை, என்ரை மனிசனுக்கும் குண்டுமழை. மந்திரி பின்னேரம் வீட்டை போய்ச் சோறு திண்டிருப்பார், என்ன?"

சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் என் குணம், கோபம் வந்தாலும் சிரிப்பு முந்திவிடும். திருத்துகிறேன் என்றார். திருத்தினார். 'கனமழைக்கு நடுவே' என்று முன்னால் சேர்த்திருந்தார். குண்டுமழை அப்படியே. ஓட்டமும் அப்படியே. மேரி இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். திரும்பப் போன் எடுத்தால், வேலையாக நிற்கிறாராம்.

ஆகவே நானே சொல்கிறேன். அன்று எங்கள் பங்கர் வரிசையில் செத்தவர்கள் நான்கு பேர். அந்தச் சின்னப் பிள்ளைகளின் தாய், கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்தில். அடுத்த பங்கரில் ஒரு தகப்பனும் மகனும், ஈர மண் சரிந்து. இவர், வாசலில் குந்தியபடி, முகம் எங்கள் பக்கம். ஓடியவர் ஒருவரும் இல்லை.