முப்பத்தேழாவது வரி

— முழுசா போட்டீங்களா, பாதி போட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்கப்பா.

— எதை கண்ணு? முதல்ல செருப்பைக் கழட்டு. வந்ததும் வராததுமா இப்படி வாசல்லயே நின்னா எப்படி.

— போன வாரம் பென் டிரைவ்ல குடுத்தேனே, அந்த ப்ரோக்ராமை. நெட்ல உங்க மன்றத்துல கணினி உதவிப் பக்கத்துல போட்டீங்கல்ல.

— ஓ, அதுவா. முழுசாத்தான் போட்டேன். அரைகுறையா போட்டா அங்க திட்டுவாங்க. முழு ப்ரோக்ராமையும் காட்டாதவங்களுக்குப் பதில் கிடையாதுன்னு உச்சியிலேயே எழுதி வெச்சிருக்காங்க.

— எல்லா வரியுமா? முப்பத்தேழாவது வரியும் இருக்கா?

— எது முப்பத்தேழுன்னு எனக்கென்னம்மா தெரியும். இத்தனை வருஷம் கண்டக்டரா இருந்தவனுக்கு முப்பத்தேழுன்னா பஸ் நம்பர். நீ குடுத்ததை அப்படியே எடுத்து ஒட்டினேன், அவ்வளவுதான். தேதி தப்பா வருதுன்னு சொன்னியே, அதுக்கு அன்னைக்கே பதில் வந்துடுச்சு. ஒரே ஒரு எழுத்தை மாத்தணுமாம். இரு, உன் முகம் ஏன் இப்படி வெளுத்துப்போயிருக்கு?

— ஆபீஸ்ல தெரிஞ்சுபோச்சுப்பா.

— தெரியட்டுமே, நல்லதுதான. காலைலேர்ந்து அங்க நடக்கிற கூத்தை நீ பாக்கலையா? கணினிப் பக்கத்துல அரைப்புள்ளின்னு பேர் வெச்சுக்கிட்டு ஒருத்தன் இருக்கான். தங்கமான பையன், யார் சந்தேகம் கேட்டாலும் சோறு தண்ணி இல்லாம உக்காந்து பதில் சொல்லுவான். அவன்தான் இன்னைக்கு முதல்ல கேட்டான். ஐயா, உங்க தேதி சரியாயிருக்கும், ஆனா நடுவுல இந்த ஒரு வரி எதுக்குன்னு. வாய்க்கால் தண்ணியில அழுக்கு எல்லைக்கு மேல போனா, அதை மீட்டர் கோளாறுன்னு தள்ளிட்டு, அதுக்கு முன்னால வந்த நல்ல நம்பரையே திரும்பக் காட்டச் சொல்லுதாம். அப்புறம் தண்ணி எவ்வளவு கெட்டாலும் கெட்டதுன்னு காட்டவே காட்டாதுல்லன்னு கேட்டான்.

— ம்.

— அதை ஒருத்தன் தூக்கிக்கிட்டு சுற்றுச்சூழல் பக்கத்துக்கு ஓடினான். அங்கேருந்து அரசியல் பக்கத்துக்குப் போச்சு. இப்ப மூணு பக்கமும் பத்தி எரியுது. வாய்க்கால்ல மீன் செத்து மிதந்தப்ப நான் கத்தினேனே, ஃபேக்டரிக்காரன் சாயத்தண்ணிய திறந்து விடுறான்னு. அப்ப ‘ஆதாரம் எங்கே’ன்னு ஒருத்தன், அதுதான் அவன் அங்க வெச்சிருக்கிற பேரே, உங்க ஆபீஸ் நம்பர் போற அரசாங்க வெப்சைட்டைக் காட்டி எல்லாம் பச்சையா இருக்கு பாருங்க தாத்தான்னு கேலி பண்ணான். தாத்தாவாம். இன்னைக்கு வாயே திறக்கலை. டிக்கெட் எடுக்காதவன் செக்கரைப் பாத்த மாதிரி பம்முறான்.

— நீங்க என்ன எழுதினீங்கப்பா?

— நிறைய எழுதினேன்.

— அந்த வரியை எழுதினவங்களைப் பத்தி.

— ஓ, அதுவா. ஊர் குடிக்கிற தண்ணியில பொய் சொன்னவன் கை விளங்காமப் போகட்டும்னு எழுதினேன். ஏகப்பட்ட பேர் கை தட்டியிருக்காங்க. உங்க மேனேஜரோட வேலைதான அது? நல்லா வேணும் அந்த ஆளுக்கு.

— நான்தான்ப்பா.

— என்ன நீதான்?

— அந்த வரியை எழுதினது நான்தான்.

— விளையாடாத கண்ணு.

— விளையாடலை. முதல்ல ஒழுங்காத்தான் எழுதினேன். மீட்டர்ல சேறு அடைச்சா பைத்தியக்கார நம்பரெல்லாம் வரும்ப்பா. அதை மட்டும் தள்ளுறதுல தப்பே இல்லை, எல்லாரும் பண்றதுதான். அப்புறம் மேனேஜர் என் பக்கத்துல சேரைப் போட்டு உக்காந்தார். எந்த நம்பருக்கு மேல தள்ளணுமோ அதைக் கொஞ்சம் இறக்கும்மான்னார். இறக்கினேன். கொஞ்ச நாள் கழிச்சு இன்னும் கொஞ்சம்னார். கடைசியில சட்டம் எது எல்லைன்னு சொல்லுதோ அங்கேயே கொண்டுவந்து நிறுத்திட்டார். எல்லாம் வாயாலதான், ஒரு மெயில்கூட கிடையாது. சொன்ன வாய் அவரோடது. அடிச்ச கை என்னோடது.

— கையைக் குடு.

— எதுக்கு?

— குடேன். நீதான்னு தெரியாது கண்ணு. வாய்க்கு வந்ததை எழுதித் தொலைச்சுட்டேன். எந்த அப்பனாவது... முதல்ல அதை அழிக்கிறேன். கண்ணாடி எங்க போச்சு?

— நெத்தியில இருக்கு. அதை விடுங்கப்பா, அது எனக்கு வேண்டியதுதான்.

— வாயை மூடு. அப்படிப் பேசாத.

— சரி, கேளுங்க. மத்தியானம் எல்லாரையும் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. அந்தப் பதிவைச் சுவத்துல பெருசா போட்டுக் காட்டினார். யார் வெளியில விட்டதுன்னு கேக்கக்கூட இல்லை. எல்லார் லேப்டாப்பையும் மேஜை மேல வெச்சுட்டுப் போங்கன்னார். சாயங்காலத்துக்குள்ள அந்த வரியை எடுத்துட்டாங்க, பழைய பிரதி எதுவும் மிச்சம் இல்லாம துடைச்சுட்டாங்க. நாளைக்கு யாராவது வந்து பாத்தா ப்ரோக்ராம் சுத்தமா இருக்கும்.

— உன் பேர் அதுல எங்கயும் இல்லையே?

— இல்லை. பேர் இருந்த இடத்தை எடுத்துட்டுதான் உங்ககிட்ட குடுத்தேன்.

— அப்ப நீதான்னு எப்படித் தெரியும்? எனக்கு அங்க ‘கடைசி சீட்’டுன்னுதான் பேர். எந்தக் கடைசி சீட்டுன்னு எவன் கண்டான்.

— பதிவுக்கு மேல என்ன எழுதியிருந்தீங்க?

— மரியாதையாத்தான் எழுதினேன். என் மகளுக்கு ஒரு சந்தேகம், தெரிந்தவர்கள் உதவவும்னு.

— அந்த ப்ரோக்ராமைத் தொடுறவங்க மொத்தம் மூணு பேர்ப்பா. அதுல ரெண்டு பேர் ஆம்பளைங்க.

— அட என் புத்தியே. மகனுக்குன்னு எழுதியிருந்தா என்ன, எந்தக் குடி முழுகியிருக்கும்.

— மீட்டிங்ல மேனேஜர் என்னைப் பாக்கவே இல்லை. எல்லார் முகத்தையும் பாத்தார், என்னை மட்டும் விட்டுட்டார். அப்பவே புரிஞ்சுபோச்சு. பெல் அடிக்குது.

— யாரு இந்த நேரத்துல?

— தெரியலை. நீங்க போகாதீங்க.

— ஆபீஸ்லேர்ந்தா இருக்குமா? லைட்டை அணைச்சுடட்டுமா?

— ஜன்னல் திறந்திருக்குப்பா, அணைச்சா என்ன அணைக்காட்டி என்ன. கதவு ஓட்டை வழியா பாருங்க.

— இரு. அட, தண்ணி கேன்காரர். மூணு மாடி தூக்கிட்டு வந்திருக்கார் பாவம். இந்தாங்க தம்பி, இங்கயே வெச்சுட்டுப் போங்க, நான் உள்ள எடுத்துக்கறேன். காலி கேன் நாளைக்குத் தரேன். போயிட்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு.

— எங்க ஆபீஸ்லயும் கேன்தான். மேனேஜர் வீட்லயும் கேன்தான். மீட்டர் பாக்கிற நாங்க யாருமே குழாய்ல குடிக்கிறதில்லை.

— இப்ப அதெல்லாம் எதுக்கு. நேரா சொல்லு, வேலை போயிடுமா?

— போகும்.

— போனாப் போகுது. வேற வேலையே இல்லையா ஊர்ல?

— வேலை மட்டும் இல்லைப்பா. சேரும்போது கையெழுத்து வாங்கினாங்க, ஆபீஸ்ல இருக்கிற எதுவும் வெளியில போகக்கூடாதுன்னு. கேஸ் போடலாம். அதுவும் இல்லாம பொய் நம்பர் காட்டினதுன்னு விசாரணை வந்தா, எழுதினவதான முதல்ல நிக்கணும். மேனேஜர் நான் சொல்லவே இல்லைன்னுடுவார்.

— ஜெயிலா?

— தெரியலை.

— தெரியலைன்னா என்னம்மா அர்த்தம்? ஆமாவா இல்லையா?

— தெரியலைப்பா. யாரைக் கேக்குறது? இப்ப அந்த வரி உலகத்துல இருக்கிற ஒரே இடம் உங்க பதிவுதான்.

— அது ஒண்ணுதானா? வேற எங்கயும் இல்லையா? அந்த பென் டிரைவ்?

— அன்னைக்கே அழிச்சுட்டேன், பயத்துல. அது ஒண்ணுதான்.

— அப்ப... உங்க அம்மாகிட்ட எதுவும் சொல்லாத. ஆஸ்பத்திரியிலேர்ந்து டூட்டி முடிஞ்சு வர நேரம். அவளுக்கு இருக்கிற பி.பி.க்கு இது வேறயா.

— ஃபோன் வருது.

— யாரு?

— மேனேஜர்.

— எடுக்காத.

— எடுக்கலைன்னா நேர்ல வருவார். பால்கனியில பேசிட்டு வரேன், இங்க சரியா கேக்காது.

— கண்ணு, பணிஞ்சு பேசு. தெரியாதுன்னு சொல்லு. எல்லாம் எங்கப்பன் பண்ணின வேலைன்னு சொல்லு.

— கதவைச் சாத்திக்கிறேன்ப்பா.

— என்ன இவ்வளவு நேரம்? தண்ணி குடி. உக்காரு. என்ன சொன்னார்?

— நல்லாத்தான் பேசினார். அதுதான் பயமா இருந்துச்சு. அம்மா தாயேன்னு பேசினார். அப்பாவுக்கு வயசாயிடுச்சு, ஒண்ணும் புரியாம எதையோ எடுத்துப் போட்டுட்டார்னு ஒரு மெயில் போட்டுடு, இதோட முடிச்சுக்கலாம்னார்.

— போட்டுடு. இப்பவே போடு. வயசாயிடுச்சுதான, பொய் இல்லையே. கிழவனுக்கு மறை கழண்டுபோச்சுன்னுகூட எழுதிக்கோ, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

— மாட்டேன்னு சொல்லிட்டேன்.

— ஏன்மா?

— அந்த வரியை நான்தான் எழுதினேன், நீங்க சொல்லித்தான் எழுதினேன் சார், நாளைக்குக் காலையில மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிங்களைப் பாத்து நானே சொல்லப்போறேன்னேன். உன் இஷ்டம்னு ஃபோனை வெச்சுட்டார். நெஞ்சுல இருந்து ஒரு கல்லை இறக்கி வெச்ச மாதிரி இருக்கு. ஏன் எழுந்துட்டீங்க?

— ஒண்ணுமில்லை. நீ சொல்லு.

— இன்னொண்ணு இருக்கு. திட்டாதீங்க. எனக்கு சந்தேகமே கிடையாதுப்பா.

— என்ன சந்தேகம்?

— தேதி தப்பா வருதுன்னு கேட்டது. அதை நானே வேணும்னு மாத்தி வெச்சேன். நாலு மாசத்துக் குழந்தைக்குத் தெரியும் அது எங்க தப்புன்னு.

— எதுக்கு?

— போன மாசம் மீட்டரைக் கழுவ ஆளோட வாய்க்காலுக்குப் போயிருந்தேன். அங்க கரையோரமா வரிசையா வீடுங்க. ஒரு அக்கா அடி பம்புல தண்ணி பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க, இடுப்புல குழந்தை. தண்ணி டெஸ்ட் பண்ற பொண்ணுதான நீ, இதைக் குழந்தைக்குக் குடுக்கலாமான்னு கேட்டாங்க. கம்ப்யூட்டர்ல நல்லா இருக்குன்னு காட்டுதுக்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவங்க தேங்க்ஸ்மான்னாங்கப்பா. அதுக்கப்புறம் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கலை.

— அதான் அப்ப சரியா சாப்பிடாம இருந்தியா. உங்கம்மா என்னென்னமோ நினைச்சா.

— வெளியில சொல்லணும்னு தோணுச்சு. என் கையால போட தைரியம் வரலை. உங்ககிட்ட ஒரு விஷயம் வந்தா அது அன்னைக்கே அங்க போயிடும்னு தெரியும். முழுசா போட்டாத்தான் பதில் சொல்லுவாங்கன்னும் தெரியும். அதான் சந்தேகம்னு சொல்லி உங்ககிட்ட குடுத்தேன். எல்லாம் தெரிஞ்சே உங்களை முன்னால தள்ளிவிட்டு நான் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். மன்னிச்சுடுங்கப்பா. இனிமே ஒளிய மாட்டேன். நாளைக்கு நீங்களும் என்கூட வாங்க. அவங்க முன்னால திறந்து காட்ட என்கிட்ட இருக்கிறது அந்தப் பதிவு ஒண்ணுதான்.

— கண்ணு.

— கோவமா?

— கோவமெல்லாம் இல்லைம்மா. நீ பால்கனிக்குப் போனதும் அதை அழிச்சுட்டேன்.

— எதை? நீங்க திட்டினதையா?

— எல்லாத்தையும்.

— சரி. சரி, இருங்க. யோசிக்கலாம். அத்தனை பேர் பாத்திருக்காங்க, எவ்வளவோ பேர் படம் எடுத்து வெச்சிருப்பாங்க. அரைப்புள்ளிகிட்ட கேப்போம். படம் இருந்தா போதும், இது என் பொண்ணு குடுத்தது, நான்தான் போட்டேன்னு நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்.

— சொன்னா நம்பமாட்டாங்க. அத்தனையும் நானே இட்டுக்கட்டினது, ஃபேக்டரிக்காரன் மேல இருந்த ஆத்திரத்துல பண்ணிட்டேன், எல்லாரும் மன்னிச்சுடுங்கன்னு எழுதிட்டேன்.

— அப்பா.

— உன் மேல ஒரு துரும்பும் படக்கூடாதேன்னு பயந்துட்டேன் கண்ணு. எனக்கு மகளே கிடையாதுன்னு எழுதிட்டேன்.