பெனேவை எல்லோருக்கும் தெரியும்

நெவேனா: அழுதாங்கடா! மூணாவது வரிசை மொத்தமும் அழுதுச்சு!

அசேன்: அழுதா நல்லதுதானே, டைரக்டரம்மா? சிரிச்சிருந்தா கவலைப்படு.

நெவேனா: யாருக்காக அழுதாங்க? அதைச் சொல்லு முதல்ல.

அசேன்: செத்துப்போன பெனேவுக்காக.

நெவேனா: அவன் பொறக்கவே இல்லையேடா!

அசேன்: கத்தாதே... காபி மெஷின்கிட்ட எவனாவது வந்து நிப்பான். இதுக்குத்தான் உன்னை அரங்கத்துலேர்ந்து இழுத்துட்டு வந்து படிக்கட்டுக்குக் கீழே உட்கார வச்சிருக்கேன். மூச்சு விடு. பரிசு அறிவிக்க நேரமிருக்கு. துணைவேந்தர் இப்பதான் 'சினிமா ஒரு கண்ணாடி'ன்னு ஆரம்பிச்சிருக்கார். அந்தக் கண்ணாடியைத் துடைச்சு முடிக்கவே அரை மணி ஆகும்.

நெவேனா: நமக்குத்தான் பரிசுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் பயமா இருக்கு.

அசேன்: பின்னே யாருக்குக் குடுப்பாங்க? அந்த ஆளில்லாத ஊஞ்சலுக்கா?

நெவேனா: எந்த ஊஞ்சல்? மூணு படத்துல ஊஞ்சல் வந்துச்சு.

அசேன்: பனிமூட்டத்துல ஆடுச்சே, அது.

நெவேனா: மூணும் பனிமூட்டத்துலதான் ஆடுச்சு. ஒரே புகை மெஷினை மாத்தி மாத்தி எடுத்துட்டுப் போயிருக்காங்க.

அசேன்: அப்புறம் ஒருத்தி மரீட்சா ஆத்தையே பார்த்துட்டு நின்னாளே, படம் முடியற வரைக்கும்... என் பக்கத்துல இருந்தவர் கேட்டார், 'தம்பி, இவ குதிப்பாளா மாட்டாளா? எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.'

நெவேனா: சிரிக்க வைக்காதே.

அசேன்: நம்ம படத்துல பனி இருக்கா? ஊஞ்சல் இருக்கா? சுத்தமான ஆவணப்படம்.

நெவேனா: சுத்தமான பொய்! கதைப்படம் எடுக்கத்தானே போனோம்? ஒரே ஒரு ஷாட்டுக்குத்தானே போன அக்டோபர்ல ஒரு போட்டோவோட அந்த இரங்கல் தாளை அடிச்சு அடுக்குமாடி வாசக்கதவுல ஒட்டினோம்? எடுத்து முடிச்சதும் கிழிச்சிருக்கணும்.

அசேன்: கிழிக்கத்தான் போனேன். அதுக்குள்ள ரெண்டாம் மாடி மீசைக்காரர் வந்து தொப்பியைக் கழட்டிட்டாரே! 'ஐயோ, பெனேவா... தங்கமான மனுஷன்'னு வேற ஆரம்பிச்சார். நான் என்ன பண்ணுவேன்? கேமரா ஓடிக்கிட்டிருந்துச்சு.

நெவேனா: அணைச்சிருக்கலாம்.

அசேன்: எப்படி அணைக்கறது? அவர் பேசறதைப் பார்த்து முதல் மாடிக்காரி வந்தா. அவளுக்கு நம்ம பெனேவ் லிஃப்ட் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாராம்.

நெவேனா: அந்தக் கட்டடத்துல லிஃப்டே இல்லை!

அசேன்: அதான் சொல்றேன், அப்படிப்பட்ட மனுஷன்! சாயங்காலத்துக்குள்ள, செத்தவங்க நினைவா குடுக்கற வேகவச்ச கோதுமையைச் சர்க்கரை தூவி வாசல்ல வச்சுட்டாங்க. நீயும்தானே ஒரு கப் சாப்பிட்டே?

நெவேனா: பசிச்சுது... ஒருத்தராவது 'இந்த ஆளை எனக்குத் தெரியாது'ன்னு சொல்லியிருக்கலாம்.

அசேன்: யாரு சொல்வாங்க? பக்கத்து வீட்டுக்காரன் செத்தது தெரியலைன்னா மானக்கேடு. அவன் இருந்ததே தெரியலைன்னா இன்னும் மானக்கேடு. எங்க அம்மாவா இருந்தா அழுதே இருப்பாங்க.

நெவேனா: மூணாம் மாடி டோன்கா அம்மா மட்டும் வேற மாதிரி. பேரையே சொல்லலை. போட்டோவைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க.

அசேன்: 'சூப்பை ருசி பார்க்காமலே உப்பைக் கொட்டுவார், அதுக்காகவே ஒருநாள் தட்டைத் தூக்கி ஜன்னல் வழியா எறிஞ்சேன்'... அடேயப்பா! பொய் சொன்னா இப்படிச் சொல்லணும். அரங்கம் உடைஞ்சதே அங்கதான்.

நெவேனா: அந்த போட்டோ யாரோடதுடா?

அசேன்: எவனோ. நம்ம துறை நடைக்கூடத்துக்கு வெள்ளை அடிச்சப்போ பழைய படமெல்லாம் பெட்டியில போட்டுக் குப்பைக்கு வச்சிருந்தாங்க. நல்லா முடி இருந்தவனா ஒருத்தனைத் தேர்ந்தெடுத்தேன். திரையில எடுப்பா இருக்குமில்ல?

நெவேனா: அவன் உயிரோட வந்து நின்னா? ஆவணப்படம் புனைஞ்சதுன்னு தெரிஞ்சா பட்டமே கிடையாதுன்னு விதியில இருக்கு.

அசேன்: பரிசு கிடைக்கலைன்னா?

நெவேனா: திங்கட்கிழமை காலையில அப்பாவோட மருந்துக்கடை. வெள்ளைக் கோட்டுகூடத் தைச்சுட்டார், பாக்கெட்டுல என் பேரோட. கிடைச்சா முழுநீளப் படம், பல்கலைக்கழகமே காசு போடும். கிடைக்கலைன்னா ஆயுசு முழுக்க இருமல் மருந்து.

அசேன்: அப்ப வாயை மூடு... ஐயோ, நிமிர்ந்து உட்காரு. ஹின்கோவ் வர்றார்.

நெவேனா: நடுவர் குழுத் தலைவரா? இங்கயா?

ஹின்கோவ்: உட்காருங்க, உட்காருங்க. காபிக்கு வந்தேன். துணைவேந்தர் இன்னும் கண்ணாடியிலதான் இருக்கார்... இந்த மெஷின் நான் இங்க வேலை பார்த்த காலத்துலயே காசை முழுங்கும். இப்பவும் அதே குணம்.

அசேன்: ஒரு தட்டு தட்டணும் சார். இப்படி... ஆங், வந்துடுச்சு. சார், சர்க்கரை போடாதீங்க! அதுல ஏற்கெனவே இருக்கு.

ஹின்கோவ்: அப்படியா? போட்டுட்டேனே.

அசேன்: ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டுப் போட்டிருக்கலாம் சார்.

ஹின்கோவ்: பழக்கம்ப்பா. எல்லாரும் சொல்லிட்டாங்க, போகலை... நீதானே நெவேனா? பெனேவ் படம்?

நெவேனா: ஆமா சார்.

ஹின்கோவ்: பாவம். எதுல செத்தான்?

நெவேனா: மாரடைப்பு.

அசேன்: மாடிப்படியில விழுந்து...

நெவேனா: மாரடைப்புல, மாடிப்படியில விழுந்து.

ஹின்கோவ்: ரெண்டும் சேர்ந்தா! கஷ்டப்பட்டானா?

அசேன்: இல்லை சார். சட்டுனு போயிட்டார். பொறந்ததே தெரியாத மாதிரி.

ஹின்கோவ்: நல்லாப் பழகினவன் எனக்கு.

நெவேனா: யாரு சார்?

ஹின்கோவ்: பெனேவ்தான். சதுரங்கத்துல தோத்தா மூணு நாள் பேசமாட்டான். கஞ்சன்... ஆனா பாடுவான். மோசமாத்தான் பாடுவான்.

அசேன்: (நெவேனா, இவரும் ஆரம்பிச்சுட்டார்டி.)

ஹின்கோவ்: என்னப்பா முணுமுணுப்பு?

அசேன்: ஒண்ணுமில்லை சார். உலகம் எவ்வளவு சின்னதுன்னு சொன்னேன்.

ஹின்கோவ்: எங்க குழுவுல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களே. ஒருத்தர் அவன்கூடப் பட்டாளத்துல இருந்தாராம். இன்னொரு அம்மாவை அவன் கல்யாணத்துக்குக் கேட்டானாம்.

அசேன்: அவங்க என்ன சொன்னாங்களாம்?

ஹின்கோவ்: யோசிக்கறேன்னு சொன்னாங்களாம். அதுக்குள்ள போயிட்டானேன்னு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில ஒரே அழுகை... பரிசு வாங்கும்போது அவன் குடும்பத்துலேர்ந்து ஒருத்தரை மேடைக்குக் கூப்பிடலாம்னு நினைக்கறோம். யாராவது இருக்காங்களா?

அசேன்: ஒரு தம்பி இருக்கார் சார். ஜெர்மனியில. வரமுடியாது, ரொம்ப உடைஞ்சுபோய்...

நெவேனா: போதும்டா.

அசேன்: நெவேனா...

நெவேனா: போதும்! சார், தம்பி கிடையாது. பெனேவே கிடையாது. நாங்க அடிச்சு ஒட்டின தாள் அது. பேர் நான் வச்சது. எங்க நாய் மருத்துவர் பேர்.

அசேன்: போச்சு. பட்டமும் போச்சு.

நெவேனா: போகட்டும். மேடையில இன்னொரு ஆளைக் கொண்டுவந்து அழவைக்க என்னால முடியாது. ஆனா சார், பேசினவங்க யாருக்கும் நாங்க சொல்லிக் குடுக்கலை. ஒரு வார்த்தைகூட. அது நிஜம்.

ஹின்கோவ்: தெரியும்.

நெவேனா: எது தெரியும்?

ஹின்கோவ்: எல்லாமே. மத்தியானமே உன் படத்தை ஆவணப்படத்துலேர்ந்து கதைப்படப் பிரிவுக்கு மாத்திட்டேன். பிழையா அனுப்பிட்டாங்கன்னு எழுதியாச்சு. செத்தவன் கற்பனைன்னா கதைப்படம்தானே?

அசேன்: சார்! அப்புறம் ஏன் எங்களைப் போட்டு இப்படி...

ஹின்கோவ்: எவ்வளவு தூரம் போறீங்கன்னு பார்த்தேன். ஜெர்மனித் தம்பி வரைக்கும் போயிட்டியே, பயலே. இவ வாயைத் திறந்திருக்கலைன்னா ரெண்டு பேர் பேரையும் பட்டியல்லேர்ந்து அடிச்சிருப்பேன்.

நெவேனா: அப்ப... பரிசு?

ஹின்கோவ்: அந்தப் பிரிவுலயும் நீதான் முதல். மத்த ரெண்டு பேர் எப்படி வேண்டாம்னு சொல்வாங்க? ஒருத்தர் அவன்கூட துப்பாக்கி தூக்கினவர், ஒருத்தி அவனுக்கு விதவை ஆகவேண்டியவ. ஆனா ஒண்ணு. இப்ப என்கிட்ட சொன்னதை மேடையில சொல்லணும். நீயே.

நெவேனா: எல்லார் முன்னாடியுமா? அந்தக் கட்டடமே உள்ள உட்கார்ந்திருக்கு சார். அந்த மீசைக்காரர், லிஃப்ட் அம்மா...

ஹின்கோவ்: உட்கார்ந்திருக்கட்டும். அந்த மீசைக்காரன் பக்கத்து வீட்டுக் காரோட டயரை ராத்திரியில குத்திட்டு, காலையில 'அடடா, யார் வேலை இது'ன்னு விசாரிக்கறவன். அவன் தொப்பியைக் கழட்டினதைப் பார்த்தப்போதான் நான் சிரிச்சேன். மூணாவது வரிசையில என் பின்னாடி இருந்தவங்க நான் அழறேன்னு நினைச்சுட்டாங்க.

அசேன்: சார், உங்களுக்கு அவரை எப்படி... நீங்க அந்தக் கட்டடத்துல இருந்தீங்களா?

ஹின்கோவ்: அது அப்ப ஆசிரியர் குடியிருப்பு.

நெவேனா: இருங்க சார். அப்ப டோன்கா அம்மாவையும் தெரியுமா? மத்தவங்க சொன்ன பொய் பொய்யாத் தெரிஞ்சுது. அவங்க சொன்னதை மட்டும் வெட்டவே எனக்கு மனசு வரலை. ஆளே இல்லாத ஒருத்தனைப் பத்தி எப்படி சார் அவ்வளவு விவரமா...

ஹின்கோவ்: அவ பொய் சொல்லலைம்மா. தட்டோட சூப் ஜன்னல் வழியா போச்சு, கீழே நின்ன என் கார் மேலதான் விழுந்துச்சு. அவளோட விவாகரத்து ஆனதும் சோஃபியா நகரத்துக்குப் போனவன், முடியெல்லாம் கொட்டி இப்படி ஆயிட்டேன். அரங்கத்துல ஒருத்தனுக்கும் அந்த போட்டோவுல இருக்கறது நான்தான்னு தெரியலை. போன அக்டோபர்ல ஒருநாள் சாயங்காலம், எத்தனையோ வருஷம் கழிச்சு அவகிட்டேர்ந்து போன் வந்துச்சு. நான் ஹலோன்னதும், 'இன்னும் சாகலையா, சனியனே'ன்னு கேட்டா... உடனே வச்சுட்டா. எதுக்கு போன் பண்ணினாள்னு இன்னிக்கு உன் படத்தைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது.