மறுபடி அக்காவின் போர்வை அறை

மேடையில் அமர்ந்திருக்கும் பொது மேலாளர் ஐயா அவர்களே, முன் வரிசையில் இருக்கும் அக்காவின் வீட்டுக்காரர் அவர்களே, இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் சலவைப் பிரிவுச் சொந்தங்களே, வணக்கம். அணைக்காமல் வந்தவர்கள் இப்போதே போய் அணைத்துவிட்டு வாருங்கள். அக்கா இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அக்காவைப் பொறுமையின் சிகரம் என்றார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். நம் மறுபடி அக்காவையா? அத்தனை இயந்திரமும் ஓடும்போது தன் குரல் மட்டும் தனியாகக் கேட்கும்படி பேசிய மேற்பார்வையாளரையா? பொறுமையாக இருந்தது நாம், பெரியோர்களே. அவருக்கு இருந்தது பிடிவாதம்.

இந்த விடுதியில் ஒரு விதி உண்டு. மேலே போய், விருந்தினர் அறைகளிலிருந்து வரும் ஃபோனை எடுக்கும் வேலை வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆங்கிலம் பேசவேண்டும். அது கேட்டு மார்க் போடும். கீழ்த்தளத்துச் சலவை ஆட்கள் யாரும் அதில் தேறியதில்லை. நாமெல்லாம் அதைத் தலையெழுத்து என்று விட்டுவிட்டோம். அக்கா விட்டாரா?

இணையத்தில் என்னென்னவோ தேடிப் பிடித்தார். ஒரே வார்த்தையைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லிக்காட்டும் தளம் ஒன்று. வீடியோவின் வேகத்தைக் குறைத்து, பேசுகிறவரின் உதட்டையும் நாக்கையும் பார்க்கவைத்தார். பிறகு நாம் பேசுவதை ஃபோனே எழுதிக்காட்டுமே, அது. "அது என்ன எழுதுதோ அதுதான் விருந்தாளி காதுல விழுது" என்பார். குளிக்கும் துண்டை நான் ஆங்கிலத்தில் 'பாத் டவல்' என்று சொன்னால், அந்தப் பாழாய்ப்போன ஃபோன் 'பேட் டவல்', மோசமான துண்டு என்று எழுதும். ஒரு மாதம் நான் மோசமான துண்டு விற்றேன்.

"அக்கா, ஃபோன் பழசு. அதான் தப்பா எழுதுது."

"ஃபோன் பழசு இல்லடா, உன் நாக்குதான் சோம்பேறி. பல்லுக்கு நடுவுல வை. மறுபடி."

இயந்திர இரைச்சலில் எங்கே பேசிப் பதிவு செய்வது? போர்வை அடுக்கும் அறைக்குள் எங்களைத் தள்ளிக் கதவைச் சாத்தினார். நாலு பக்கமும் போர்வை, வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. மேலாளர் ஐயா, ஒரு நாள் நீங்கள் கதவைத் திறந்தபோது ஒருவன் தலையணை அடுக்கைப் பார்த்து, "தங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" என்று ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தானே, அது நான்தான். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று நினைத்து நீங்கள் கதவை மூடிவிட்டீர்கள். நன்றி.

இதோடு விட்டாரா? நம் குரலை நாமே திருத்தக்கூடாதாம். நமக்கு நம் குரல் தேனாகத்தான் கேட்குமாம். ஆகவே இருவர் இருவராகச் சேர்த்தார். ஒருவர் பேசி அனுப்ப, மற்றவர் கேட்டுக் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு யாரைச் சேர்த்தார் தெரியுமா? என் மனைவியின் தம்பியை. ஒரே வீடு, நான் கீழே, அவன் மாடியில். தண்ணீர் மோட்டாரை யார் அணைக்காமல் விட்டது என்பதில் தொடங்கி, நாலு வருடமாக ஒரு வார்த்தை கிடையாது.

"அவன்கூட எப்படிக்கா?"

"நல்லதாப் போச்சு. உனக்குப் பிடிச்சவன் தப்பை நீ சொல்ல மாட்டே. இவன் தப்புன்னா தேடிக் கண்டுபிடிப்பே."

கண்டுபிடித்தேன். அவனும் கண்டுபிடித்தான். தமிழில் முகம் பார்க்காத இரண்டு பேர், தினமும் மாலையில் ஆங்கிலத்தில் நலம் விசாரித்தோம். "இன்றைய வானிலை அருமை அல்லவா?" என்று மாடியிலிருந்து அவன் அனுப்புவான். மழையில் அவன் துணி நனைந்துகொண்டிருக்கும். "ஆம், மிகவும் அருமை" என்று கீழேயிருந்து நான் அனுப்புவேன். என்ன பிழைப்பு இது என்று நான் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

இப்போது நடந்ததைப் பாருங்கள். என் மச்சானுக்கு வரும் திங்கட்கிழமை தேர்வு. போன வியாழன் மாலை அக்கா எங்கள் குழுவில் அவனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். "நல்லா இருக்கு. கடைசியில அவசரப்படுறே. மறுபடி." மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. இது நியாயமா அக்கா? எங்களை ஒரு நாள் சும்மா இருக்க விடாத நீங்கள், தேர்வு நேரத்தில் லீவு போடலாமா? அந்த 'மறுபடி'க்குக் கீழே இன்றுவரை யாரும் எதுவும் அனுப்பவில்லை.

மேலாளர் ஐயா புதிய மென்பொருள் வாங்கித் தருவதாகச் சொன்னார். மகிழ்ச்சி. அது மார்க் போடும். மார்க் குறைந்தால் நாம் மூடி வைப்போம், அதுவும் மூடிக்கொள்ளும். சட்டையைப் பிடித்து இழுத்து வந்து போர்வை அறைக்குள் தள்ளுமா? அந்த வேலையை இனி நாம்தான் ஒருவருக்கொருவர் செய்யவேண்டும். செய்வோம் என்று அக்காவின் படத்துக்கு முன்னால் சொல்கிறேன். முதலில் நான் செய்கிறேன்.

மச்சான், கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் தெரியாதா? தேர்வுக்குப் போகமாட்டேன் என்று உன் அக்காவிடம், அதாவது என் மனைவியிடம், சொன்னாயாமே. போகிறாய். கூட்டம் முடிந்ததும் போர்வை அறைக்குப் போய், அவசரப்படாமல் பேசி அனுப்புகிறாய். நான் வாசலிலேயே நிற்பேன்.

என்ன முணுமுணுக்கிறாய்? எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், சத்தமாகவே சொல்.

"மோட்டாரை அணைச்சிட்டு வந்தியா?"

கேட்டீர்களா சபையோரே? நாலு வருடம் கழித்துத் தமிழில் வந்த முதல் பேச்சு.

கடைசியில் அவசரப்படுகிறாய், மச்சான். மறுபடி.